தனித்தனியே செல்லும் தாதியரின் குழுப்பணி

பினாங்கு நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

மருத்துவமனைத் தாதிக்கு ஐயம் எழுந்தால் அருகிலிருக்கும் மூத்த தாதியை உடனே கேட்டுவிடலாம். வேலைநேரம் முடிந்ததும் நோயாளியின் நிலையை அடுத்தவரிடம் நேரில் ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பலாம். நிபோங் திபாலைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பாலிக் பூலாவின் கம்பங்கள் எனும் சிற்றூர்களிலும் வீடு வீடாகச் சென்று பராமரிக்கும் தாதிக்கு இவ்விரண்டும் எளிதில் வாய்ப்பதில்லை. அவரும் ஒரு குழுவைச் சேர்ந்தவர்தான். ஆனால் நோயாளியின் அருகே நிற்கும்போது தனியாகவே நிற்கிறார்.

பக்கவாதத்தால் படுத்துவிட்ட முதியவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். திங்கட்கிழமை வரும் தாதி சிறுநீர்க் குழாயைச் சரிபார்க்கிறார். புதன்கிழமை வரும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் அவரை எழுப்பி உட்காரவைக்கிறார். மருந்தை மாற்றி எழுதும் மருத்துவரோ சுகாதாரக் கிளினிக்கில் இருக்கிறார். இடுப்புக்குக் கீழே தோல் சிவந்திருப்பதைத் தாதி கண்டும் அச்செய்தி சிகிச்சையாளருக்கு எட்டாவிட்டால், அதே இடம் அழுந்தும்படி முதியவர் நெடுநேரம் உட்கார நேரிடும். சில நாள்களிலேயே அது படுக்கைப் புண்ணாகிவிடலாம். இருவரும் தத்தம் வேலையை அக்கறையோடு செய்தவர்களே. துன்பம் மட்டும் முதியவருக்கு.

ஆகவேதான் நோயாளியின் வீட்டிலேயே ஒரு பதிவேடு இருக்க வேண்டுமென வலியுறுத்துகிறேன். கிளினிக் கோப்பு எவ்வளவு விரிவாக இருந்தாலும், கட்டிலருகே நிற்பவரின் கையில் அது இருப்பதில்லை. இன்று கண்டது என்ன, செய்தது என்ன, அடுத்து வருபவர் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை நான்கு வரிகளில் எழுதிவைத்தால் போதும். வாட்சாப் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். உட்புறத் தோட்டங்களில் தொலைபேசித் தொடர்பை எப்போதும் நம்பியிருக்க முடியாது. மேலும், நோயாளியின் புண்ணைப் படமெடுத்துத் தனிப்பட்ட கைப்பேசிகளில் பரப்புவது அவருடைய மானத்தைக் காக்கும் செயலன்று.

அக்குழுவில் நாம் கணக்கில் கொள்ள மறக்கும் ஒருவர் உண்டு. அவர் அந்த வீட்டு மகளோ மருமகளோ ஆவார். இரவும் பகலும் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பவர் அவரே. தாதி அங்கே இருப்பதோ ஒரு மணி நேரம்தான். அந்த மகளிடமோ மருமகளிடமோ கேளாமல் வகுக்கும் பராமரிப்புத் திட்டம் நிலைக்காது. அவர் களைத்துப் போனால் அதைக் கவனித்து மேலிடத்துக்குத் தெரிவிப்பதும் தாதியின் பணியே.

வாரத்தில் ஒரு நாளாவது எல்லாரும் கூடிப் பேச மேற்பார்வையாளர்கள் நேரம் ஒதுக்க வேண்டும். பயணத்தில் கழியும் நேரத்தையும் வேலைநேரமாகவே கணக்கிட வேண்டும். இல்லத்தாருக்கும் ஒரு வேண்டுகோள்: தாதி வரும்போது, இரவில் நோயாளியிடம் கண்ட மாற்றங்களைத் தயங்காமல் சொல்லுங்கள், அவர் பதிவேட்டில் எழுதியதைப் படித்துக்காட்டும்படியும் கேளுங்கள். நன்றி, வணக்கம்.