வேன் வந்தால்தான் வைத்தியம்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் ஜார்ஜ் எச். சீல் நினைவுக் கோப்பை என்று ஒரு தேசிய விருது உண்டு. சண்டையில் வீரம் காட்டியவருக்கான விருது இல்லை இது. பட்டாளத்திலிருந்து திரும்பி, உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற பழைய சிப்பாய்க்குக் கூடமாட ஒத்தாசை செய்கிற தொண்டருக்குத் தருவது. கொடுப்பது டி.ஏ.வி., அதாவது டிஸேபிள்ட் அமெரிக்கன் வெட்டரன்ஸ் (ஊனமுற்ற அமெரிக்கப் படைவீரர்கள்) என்னும் சங்கம். பெயரைக் கேட்டதும் சென்னைக்காரர்களுக்குப் பள்ளிக்கூட அட்மிஷன் வரிசைதான் கண்ணுக்கு முன் வரும், இது வேறு. முதல் உலகப் போரில் காயம்பட்டுத் திரும்பிய அமெரிக்க வீரர்கள், எங்களுக்காக நாங்களே பேசிக்கொள்கிறோம் என்று 1920-இல் தொடங்கிய சங்கம் இது. ஒவ்வோர் ஆண்டும் தன் தேசிய மாநாட்டு மேடையில் இந்தக் கோப்பையை வழங்குகிறது.

இந்தத் தொண்டுக்கு அரசாங்க ஏற்பாடு ஒன்றும் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அந்த நாட்டின் முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்தன. அவற்றை நடத்துகிற முன்னாள் படைவீரர் துறைக்கு அப்போது தலைவராக இருந்தவர் ஒமர் பிராட்லி, பிரான்ஸின் நார்மண்டிக் கடற்கரைத் தரையிறக்கத்தில் அமெரிக்கத் தரைப்படையை நடத்திய அதே தளபதி. அவர் காலத்தில், 1946-இல், தொண்டர் சேவையை ஆஸ்பத்திரி நிர்வாகத்தின் ஓர் அங்கமாகவே ஆக்கினார்கள். தொண்டருக்குப் பதிவு உண்டு, பயிற்சி உண்டு, செய்த மணிக்கணக்கு ஏட்டில் ஏறும். சம்பளம் மட்டும் கிடையாது.

தொண்டர்கள் பலவிதம். இன்று வேன் ஓட்டுகிறவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசுகிறேன்.

மொன்டானா மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே படைவீரர்களுக்கான பெரிய ஆஸ்பத்திரி ஹெலெனா நகரத்தை ஒட்டிய ஃபோர்ட் ஹாரிசனில் இருக்கிறது. பில்லிங்ஸ் நகரத்திலிருந்து அங்கே போக 400 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பஸ் வசதி நாம் நினைக்கிற மாதிரி இல்லை. எழுபது வயதுக்காரர், கண் சரியாகத் தெரியாதவர், தானே கார் ஓட்டிக்கொண்டு போக முடியுமா? அவருக்காகத்தான் டி.ஏ.வி. வேன். முன்கூட்டியே ஃபோன் செய்து இடம் சொல்லிவைக்க வேண்டும். விடியும் முன்பே வண்டி கிளம்பிவிடும். ஒருவருக்குக் காலை ஒன்பது மணிக்கு இதய டாக்டர், இன்னொருவருக்கு மத்தியானம் இரண்டு மணிக்குக் கண் டாக்டர் என்றால், கடைசி ஆள் வெளியே வரும்வரை எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள், டிரைவரும்தான். பனிக்காலத்தில் அந்த மலைப்பாதையில் திரும்பி வருவது தனிக் கதை.

ஓட்டுகிறவருக்கும் வயது குறைவாக இருக்காது. பணி ஓய்வுபெற்றவர்கள், பெரும்பாலும் தாங்களே பட்டாளத்தில் இருந்தவர்கள். ஸ்டியரிங்கைத் தொடுவதற்கு முன் அந்தத் துறையே அவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை நடத்தும், பின்னணியையும் விசாரிக்கும். வண்டியைச் சங்கம் வாங்கி ஆஸ்பத்திரிக்குத் தானமாகக் கொடுத்துவிடுகிறது. சங்கத்துக்கு ஃபோர்டு கம்பெனியோடு பழைய சிநேகம்: 1922-இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டுக்கு வீரர்களை ஏற்றிப்போக ஹென்றி ஃபோர்டு கார்கள் அனுப்பிவைத்திருக்கிறார்.

இவ்வளவும் கேட்டு நமக்கு நெஞ்சு நிறைகிறது. ஆனால் இந்த வேன் ஏன் ஓட ஆரம்பித்தது? முன்பு ஆஸ்பத்திரிக்கு வந்துபோகும் செலவை அரசாங்கமே கொடுத்துவந்தது. 1980-களில் சிக்கனம் என்ற பெயரில் பலருக்கு அதை நிறுத்திவிட்டார்கள். வருமானம் குறைந்தவர்கள், பணியில் ஏற்பட்ட ஊனம் 30 சதவீதமோ அதற்கு மேலோ என்று கணக்கிடப்பட்டவர்கள் போன்ற சிலருக்குத்தான் பயணப்படி கிடைத்தது. வைத்தியம் இலவசம், ஆனால் போய்ச்சேர வழியில்லை. அந்தப் பள்ளத்தை அடைக்கத்தான் 1987-இல் சங்கம் வேன் விட்டது. என்னைக் கேட்டால், கோப்பை வாங்குகிறவரைக் கைதட்டி வாழ்த்தும் அதே மேடையில், பயணப்படியை நிறுத்திய உத்தரவையும் ஒருமுறை உரக்கப் படிக்க வேண்டும். தொண்டரின் நல்ல மனசு அரசாங்கத்தின் கடனைத் தள்ளுபடி செய்துவிடக் கூடாது.

தொண்டால் முடியாததும் இருக்கிறது. இந்த வேனில் தானாக ஏறி இறங்க முடிந்தவர்களுக்குத்தான் பொதுவாக இடம். தொண்டர் டிரைவர் நோயாளியைத் தூக்கி உட்காரவைக்கக் கூடாது. அவருக்கே இடுப்பு பிடித்துக்கொள்ளும் வயது. அப்படியானால் இரண்டு காலும் இல்லாதவர், சக்கர நாற்காலியை விட்டு எழ முடியாதவர், இவர்களெல்லாம்? யாருக்கு உதவி அதிகம் தேவையோ அவரே வாசலில் நிற்க வேண்டியிருந்தது.

பிற்பாடு அந்தத் துறையே சக்கர நாற்காலி ஏறும்படி லிஃப்ட் வைத்த வண்டிகளைச் சம்பள டிரைவர்களோடு ஓட்டத் தொடங்கியது. அதற்கான சட்டத்தில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்டது 2013 ஜனவரியில். டி.ஏ.வி. வேன் முதலில் கிளம்பி அதற்குள் கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. அரசாங்க வண்டி வந்த பிறகும் சங்கத்து வேன்கள் நிற்கவில்லை. இரண்டும் ஓடுகின்றன, சங்கம் இன்றைக்கும் டிரைவர் வேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

வணக்கம்.