ஒற்றியூருக்கு எத்தனை விளக்கு?

(ஆடிக் கேட்டையன்று, கலிய நாயனார் குருபூசை மேடையில் பேசியது)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் அவர்களே, வேலையை விட்டுவிட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, எனக்கு முன் பேசி என் பேச்சில் பாதியைத் தீர்த்துவிட்ட புலவர் ஐயா அவர்களே, காலையிலிருந்து பிராகாரம் கூட்டிய உழவாரப் பணித் தாய்மார்களே, தேரடி மெட்ரோவில் இறங்கி வந்த அன்பர்களே... மைக் செட் தம்பி, எக்கோவைக் கொஞ்சம் குறைப்பா... அனைவருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய செயலாளருக்கு நன்றி. அடுத்த வருஷம் பொன்னாடை வேண்டாம், ஒரு லிட்டர் நல்லெண்ணெய் கொடுங்கள். காரணம் பிறகு சொல்கிறேன்.

மூன்று செய்தி சொல்ல வந்தேன். ஒன்று கலியர், இரண்டு மகிழடி சேவை, மூன்றாவது ஏழுகிணற்றிலிருந்து நடந்து வந்து வடிவுடையம்மனைப் பாடிய வள்ளலார்.

கலியர் நம்ம திருவொற்றியூர்க்காரர், செக்காட்டிப் பிழைத்தவர். விளக்கேற்றியே சொத்தைக் கரைத்தார். பிறகு கூலிக்குச் செக்கு ஓட்டினார், வீட்டையும் விற்றார். எண்ணெய்க்கு வழியே இல்லாத நாளில் திரியை இட்டு, கழுத்தை அறுத்து ரத்தத்தை ஊற்றப் போனார். இறைவன் கையைப் பிடித்துக்கொண்டான். என் பாட்டி கதையை இங்கே நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பாள்: "அவர் நாயனாருடா. நீ ஆத்துல போட்டாலும் அளந்து போடு."

சோழர் காலத்துக்காரர்களும் அளந்துதான் போட்டார்கள். அணையாமல் எரியும் ஒரு நந்தாவிளக்குக்கு 90 ஆடு, இல்லை 96 ஆடு தானம். ஆட்டை வாங்கிக்கொண்டவர் நாள்தோறும் உழக்கு, அதாவது கால் படி, நெய் அளக்க வேண்டும். கல்வெட்டில் அதற்குப் பெயர் சாவா மூவாப் பேராடு. கிழ ஆடு போனால் குட்டி அந்தக் கணக்கில் ஏறிக்கொள்ளும். விளக்கு அணையாது.

சுந்தரர் கதைக்கு வருகிறேன். இங்கே பூக்கட்டும் சங்கிலியாரைப் பார்த்தார், மனம் போய்விட்டது. திருவாரூரில் மனைவி பரவையார் இருக்கிறார், அது ஊருக்கே தெரியும். சிவபெருமானிடம் போய் "நீதான் முடித்து வைக்க வேண்டும்" என்கிறார். பெருமானும் தரகு வேலை பார்க்கிறான். சங்கிலியார் சும்மாவா? "பிரியமாட்டேன்னு சத்தியம் பண்ணச் சொல்லுங்க" என்கிறார். சுந்தரர் யோசிக்கிறார். சந்நிதியில் சத்தியம் பண்ணினால் மாட்டிக்கொள்வோம். "சாமி, நான் சத்தியம் பண்ண வரும்போது நீ கருவறையில் இருக்காதே, மகிழமரத்துக்குப் போய்விடு." பெருமான் தலையாட்டினான். அன்று ராத்திரியே சங்கிலியார் கனவில் போய், "சந்நிதியில் வேண்டாம்மா, மகிழடியில் சத்தியம் வாங்கிக்கோ" என்று சொல்லிவிட்டான்! (கைதட்டல்) விடிந்தது. "சந்நிதி எதுக்கு, மகிழடியிலேயே பண்ணுங்க" என்றார்கள் சங்கிலியாரின் தோழிகள். சுந்தரர் முகம் எப்படி இருந்திருக்கும்! வேறு வழியில்லை, மும்முறை மரத்தைச் சுற்றி வந்து சத்தியம் செய்தார். கொஞ்ச நாளில் தென்றல் அடித்தது, ஆரூர் நினைப்பு வந்தது, கிளம்பினார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டினதும் இரண்டு கண்ணும் போயிற்று. வாக்கையும், ஐயா, ஆத்துல போட்டாலும் அளந்து போட வேண்டும். மாசித் திருவிழாவில் மகிழடி சேவைக்கு நிற்கும் தம்பதிகள் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எண்ணெய்க்கு வருகிறேன். வெள்ளிக்கிழமையில் பௌர்ணமி வந்தால் காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சிவேளையில் நம்ம வடிவுடையம்மன், சாயங்காலம் வட திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று ஜனம் ஓடுகிறது. நானும் ஓடியவன்தான். ஆனால் ஒரு கோயிலில், எந்தக் கோயில் என்று கேட்காதீர்கள், தூணடியில் யாரோ ஏற்றிவிட்டுப் போன அகல் கவிழ்ந்து, அந்த எண்ணெயில் என் வீட்டுக்காரி வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டில் ஆறு வாரம் மாவுக்கட்டு. தூணைத் தடவினால் விரலில் கரி. அதற்கடியில் எழுத்து வெட்டியிருக்கிறது, யார் படிப்பது? அகலில் ஊற்றினது நெய்யா டால்டாவா என்று முகர்ந்து பார்த்தால்தான் தெரியும். எலுமிச்சை மூடி ஏற்றும் அம்மா கோபிக்கக் கூடாது. நான் விளக்கை நிறுத்தச் சொல்லவில்லை, கண்ட இடத்தில் ஏற்றாதீர்கள் என்கிறேன். எண்ணெயைக் கோயிலில் கொடுங்கள். கலியர் பேரில் பொதுவாக ஒரு பெரிய விளக்கு வையுங்கள், தினம் உழக்கு போதும். இதை மனுவாக எழுதி மூன்று முறை கொடுத்துவிட்டேன். இன்று நாலாவது. மாமன்ற உறுப்பினர் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வள்ளலார்... செயலாளர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். சரி, அவரை அடுத்த வருஷம் வைத்துக்கொள்வோம். மேடைக்கு இடப்பக்கம் ஒரு எவர்சில்வர் தூக்கு இருக்கிறது, பக்கத்தில் ஆழாக்கும் இருக்கிறது. எண்ணெய் கொண்டுவந்தவர்கள் ஊற்றிவிட்டுப் போங்கள். கீழே சிந்தாமல்.