பி.எஸ்சி. சைக்காலஜிக்கு அப்புறம் பிஎச்.டி.யா? பிரிட்டன்ல கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகற வழி

வணக்கம். லண்டன்லேர்ந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "என் மகள் இங்க பி.எஸ்சி. சைக்காலஜி கடைசி வருஷம் படிக்கறா. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகணும்கறா. எம்.எஸ்சி., அப்புறம் பிஎச்.டி. பண்ணினா ஆயிடலாமா? எவ்வளவு செலவாகும்? சென்னையில எம்.ஃபில். முடிச்ச என் அக்கா மகளும் இங்க வரப்போறா, அவளும் முதல்லேர்ந்து படிக்கணுமா?"

பிஎச்.டி. விஷயத்தை முதல்ல சொல்லிடறேன். பிஎச்.டி. வாங்கினா ஆராய்ச்சி பண்ணலாம், பாடம் நடத்தலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு போட்டுக்க முடியாது. பிரிட்டன்ல 2009-லேர்ந்து அந்தப் பெயர் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. இப்ப எச்.சி.பி.சி.ன்னு சொல்றோமே, சுகாதாரத் தொழில்களை ஒழுங்குபடுத்தற அந்த அமைப்போட பதிவேட்டுல இருக்கறவங்க மட்டும்தான் அதைப் பயன்படுத்தலாம். இங்கேயே படிக்கறவங்க அந்தப் பதிவேட்டுல சேர வழி, டாக்டரேட் இன் கிளினிக்கல் சைக்காலஜி. எல்லாரும் டி-கிளின்-சைன்னு சொல்லுவாங்க. 3 வருஷம், முழுநேரம்.

இதை ஒரு படிப்புன்னு மட்டும் நினைச்சு தயாரானா அங்கதான் தப்பு ஆரம்பிக்கும். இது சம்பளம் வாங்கற வேலை. என்.எச்.எஸ்., அதாவது இங்க இருக்கற அரசு மருத்துவ சேவை, நிதி குடுக்கற இடம் கிடைச்சா உங்க மகள் டிரெய்னியா, அதாவது பயிற்சி எடுக்கறவரா, என்.எச்.எஸ். ஊழியர். பேண்ட் 6 சம்பளம் (பேண்ட்ங்கறது என்.எச்.எஸ். சம்பளப் படிநிலை). 2024-25 அட்டவணைப்படி இங்கிலாந்துல அது 37,338 பவுண்டுல ஆரம்பிச்சது, லண்டன்ல இருந்தா அதுக்கு மேல தனிப்படி உண்டு. படிப்புக் கட்டணத்தையும் என்.எச்.எஸ்.ஸே கட்டும். ஆனா அந்த இடங்களுக்கு ஹோம் ஃபீ தகுதி, அதாவது உள்நாட்டு மாணவருக்கான கட்டணத் தகுதி, வேணும். ஸ்டூடன்ட் விசாவுல இருக்கறவங்களுக்கு, சொந்தக் காசு கட்டிப் படிக்கற இடங்கள் சில யூனிவர்சிட்டில மட்டும் இருக்கு. மகளோட விசா நிலைமையை இப்பவே பாத்துடுங்க.

விண்ணப்பம், லீட்ஸ்ல இருக்கற கிளியரிங் ஹவுஸ்ங்கற பொது விண்ணப்ப அலுவலகம் வழியா. யூ.சி.எல்., ராயல் ஹாலோவே, லான்காஸ்டர், எடின்பரோன்னு பெரும்பாலான கோர்ஸ் எல்லாம் அதுக்குள்ள வந்துடும். செப்டம்பர்ல திறப்பாங்க, நவம்பர்ல மூடுவாங்க. இன்டர்வியூ வசந்த காலத்துல, கோர்ஸ் அடுத்த செப்டம்பர், அக்டோபர்ல ஆரம்பம். அதிகபட்சம் 4 கோர்ஸ் போடலாம். நாலுக்கும் ஒரே ஃபார்ம்தான் போகும், ஒவ்வொண்ணுக்கும் தனியா எழுத முடியாது. அதனால கோர்ஸ் தேர்ந்தெடுக்கறப்ப ஊரை மட்டும் பாக்காதீங்க. சில கோர்ஸ் கல்வி மதிப்பெண்ணுக்கு அதிக எடை குடுக்கும், சில அனுபவத்துக்கு. சிலது தனியா எழுத்துத் தேர்வே வைக்கும். ஒவ்வொரு கோர்ஸும் எப்படி வடிகட்டுதுன்னு அவங்க பக்கத்துலயே போட்டிருப்பாங்க. அதைப் படிச்சு, தன் பலம் எங்க செல்லுபடியாகுமோ அங்க போடணும்.

அடிப்படைத் தகுதி ரெண்டு. ஒண்ணு, பி.பி.எஸ்.ங்கற பிரிட்டிஷ் உளவியல் சங்கம் குடுக்கற ஜி.பி.சி.ங்கற அடிப்படைத் தகுதி அங்கீகாரம். மகளோட பி.எஸ்சி. பி.பி.எஸ். அங்கீகாரம் உள்ளதான்னு பாருங்க. இருந்து, 2:1 (முதல் வகுப்புக்கு அடுத்த நிலை) வாங்கிட்டா இந்தப் பக்கம் கவலை இல்லை, எம்.எஸ்சி. கட்டாயம் கிடையாது. மார்க் குறைஞ்சவங்களுக்கு எம்.எஸ்சி. உதவும். நல்ல மார்க் இருக்கறப்ப வெறும் அலங்காரத்துக்காகக் கடன் வாங்கி எம்.எஸ்சி. பண்ண வேண்டாம்.

ரெண்டாவது, அனுபவம். பல கோர்ஸ்ல குறைஞ்சது ஒரு வருஷம் கேப்பாங்க. அசிஸ்டென்ட் சைக்காலஜிஸ்ட் வேலை எல்லாரும் துரத்தறது, வழக்கமா பேண்ட் 4. ஒரு விளம்பரம் வந்தா விண்ணப்பம் குவிஞ்சு, கடைசித் தேதிக்கு முன்னாடியே மூடிடுவாங்க. ஆனா அது ஒண்ணுதான் வழின்னு இல்லை. மனநல வார்டுல ஹெல்த்கேர் அசிஸ்டென்ட், கற்றல் குறைபாடு உள்ளவங்களுக்கு சப்போர்ட் வொர்க்கர், ரிசர்ச் அசிஸ்டென்ட் எல்லாமே கணக்குல வரும். என்.எச்.எஸ்.ஸோட டாக்கிங் தெரபீஸ் சேவைல பி.டபிள்யூ.பி. (லேசான மனச்சோர்வு, பதற்றத்துக்கு உதவற வேலை) பயிற்சி எடுக்கறவங்க மட்டும் ஒண்ணைக் கவனிக்கணும். இங்கிலாந்துல 2022 ஏப்ரல்லேர்ந்து ஒரு விதி வந்தது: என்.எச்.எஸ். காசுல ஒரு உளவியல் பயிற்சி முடிச்சவங்களுக்கு, அடுத்த 2 வருஷம் இன்னொரு பயிற்சிக்கு நிதி கிடையாது. தெரியாம சேர்ந்துட்டு, டாக்டரேட்டுக்குப் போடறப்ப தடுக்கி நிக்கறாங்க. விண்ணப்பிக்கற வருஷத்துக்கான விதியை கிளியரிங் ஹவுஸ் பக்கத்துல சரிபாத்துக்கணும்.

ஃபார்ம்ல எது கவுக்குதுன்னா, வேலைப் பட்டியல். "20 பேருக்கு இந்த டெஸ்ட் வச்சேன், 3 குரூப் நடத்தினேன்"னு அடுக்கிட்டுப் போறது. தேர்வு பண்றவங்க கேக்கறது வேற: ஒருத்தர் ரெண்டாவது சந்திப்புக்கு அப்புறம் வரவே இல்லை, நீ என்ன நினைச்சே, சூப்பர்வைசர்கிட்ட எதைக் கொண்டு போனே, அதுக்கப்புறம் எதை மாத்தினே? ஒரே வார்டுல ஒண்ணரை வருஷம் இருந்து இதுக்குப் பதில் சொல்லத் தெரிஞ்ச பொண்ணை, அஞ்சு வருஷ அனுபவத்தைப் பட்டியலா மட்டும் வச்சிருக்கறவங்களுக்கு முன்னாடி எடுப்பாங்க. அது நியாயம்னுதான் நான் சொல்லுவேன். வேலைல சேர்ந்த முதல் வாரத்துலேர்ந்தே, பேஷன்ட் பேர், அடையாளம் எதுவும் இல்லாம, தனக்கு என்ன புரிஞ்சதுன்னு குறிப்பு எழுதி வைக்கச் சொல்லுங்க.

உள்ள போனப்புறம் வாரத்துல பொதுவா 3 நாள் பிளேஸ்மென்ட் (பேஷன்ட்டைப் பாக்கற நேரடிப் பயிற்சி), மிச்சம் வகுப்பும் ஆராய்ச்சியும். பிளேஸ்மென்ட் பெரும்பாலும் ஆறு ஆறு மாசம்: பெரியவங்க, குழந்தைகள், முதியவங்க, கற்றல் குறைபாடு உள்ளவங்க, கடைசில ஒரு சிறப்புத் துறை. எண்ணத்தையும் நடத்தையையும் மாத்தற சி.பி.டி.ங்கற சிகிச்சை கண்டிப்பாத் தெரியணும், அதோட இன்னொரு சிகிச்சை முறையாவது தெரியணும். வாரத்துக்கு குறைஞ்சது 1 மணி நேரம் முறையான சூப்பர்விஷன் உண்டு. அது அடிக்கடி தள்ளிப்போனா கோர்ஸ் டியூட்டர்கிட்ட உடனே சொல்லணும். பிளேஸ்மென்ட் நடுவுல அவங்க பாக்க வர்றதே இதுக்குத்தான். ஆறாவது மாசம் சொன்னா சரிபண்ண நேரம் இருக்காது.

லாக்-புக்கை வாராவாரம் நிரப்பணும். எந்த வயசு, எந்தப் பிரச்சினை, எந்த டெஸ்ட், யார் கவனிச்சாங்கன்னு. மூணாவது வருஷம் திறந்து பாத்து, வெய்ஸ்ங்கற அறிவுத்திறன் டெஸ்ட் மாதிரி வச்சு மூளைச் செயல்பாட்டைப் பாக்கற முழு நியூரோ மதிப்பீடு ஒண்ணுகூடப் பண்ணலைன்னு தெரிஞ்சா, ஆசைப்பட்ட சிறப்புப் பிளேஸ்மென்ட்ல பாதி அந்தக் குறையை நிரப்பறதுலயே போயிடும்.

தமிழ் தெரிஞ்ச டிரெய்னிக்கு ஒரு தனிக் குறிப்பு. தமிழ் பேசற பேஷன்ட் வந்தா "நீயே மொழிபெயர்த்துடு"ன்னு டீம்ல கேக்க வாய்ப்பிருக்கு. தன் பேஷன்ட்டைத் தமிழ்ல பாக்கறது நல்ல பயிற்சி. அடுத்தவங்க சந்திப்புல மொழிபெயர்ப்பாளரா உக்காரறது பயிற்சி ஆகாது, பிளேஸ்மென்ட் நேரமும் போயிடும். அதைச் சூப்பர்வைசர் வழியா மறுக்கலாம்.

ஆராய்ச்சிலதான் நிறைய பேர் தாமதமாகறாங்க. ஆய்வேடு, அப்புறம் ரெண்டு தேர்வாளர் முன்னாடி வைவாங்கற வாய்மொழித் தேர்வு. தலைப்புக்கு முன்னாடி ஆள் கணக்குப் போடணும். புள்ளியியலுக்கு 80 பேர் வேணும்னு வைங்க. அந்த கிளினிக்குக்கு மாசம் 5 புது ஆள் வந்தா வருஷத்துக்கு 60. அதுல பாதி பேர் சம்மதிச்சா 30. அந்தத் தலைப்பு முதல் நாளே செத்துடுச்சு. என்.எச்.எஸ். பேஷன்ட்டைச் சேர்க்கறதா இருந்தா எதிக்ஸ் அனுமதிக்கு மாசக்கணக்குல ஆகும். அந்தக் காத்திருப்புல லிட்டரேச்சர் ரிவ்யூவை எழுதி முடிச்சிடறது புத்திசாலித்தனம்.

பட்டம் கிடைச்சா எச்.சி.பி.சி. பதிவு, அப்புறம் வழக்கமா பேண்ட் 7 வேலை. இதுல ஒரே தடவைல இடம் கிடைக்காதவங்கதான் அதிகம். ரெண்டாவது, மூணாவது முயற்சி இங்க சாதாரணம், அதை வீட்டுல தோல்வியாப் பாக்காதீங்க.

உங்க அக்கா மகள் விஷயம். ஆர்.சி.ஐ.ங்கற இந்திய மறுவாழ்வு கவுன்சிலோட அங்கீகாரம் உள்ள 2 வருஷ எம்.ஃபில்.னா, இங்க டாக்டரேட்டை மறுபடி படிக்கணும்னு கட்டாயம் இல்லை. எச்.சி.பி.சி.ல வெளிநாட்டுத் தகுதி வழியா விண்ணப்பிக்கலாம். அவங்க பட்டத்தோட பேரை வச்சு முடிவு பண்ண மாட்டாங்க, உள்ள என்ன பயிற்சின்னு பிரிட்டன் தரத்தோட ஒப்பிடுவாங்க. குறை இருந்தா, அப்புறம் பண்ணின வேலை அனுபவத்தையும் பாப்பாங்க. அதனால ஊரை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி பாடத்திட்டம், எந்தெந்த வயசுக்காரங்களை எத்தனை மணி நேரம் பாத்தா, யார் மேற்பார்வை, ஆய்வு என்னன்னு எல்லாத்தையும் துறையோட முத்திரை போட்ட கடிதமா வாங்கிக்கச் சொல்லுங்க. இங்க வந்து மெயில்ல கேட்டு வாங்கறது ரொம்ப கஷ்டம்.