நெஞ்சைத் தொடாமல் இதயத்துடிப்பை எண்ண முடியுமா? டிரேடர்களைச் சோதித்த ஒரு வியப்பான ஆய்வு

[திரையில்: 30 நொடிகளைக் காட்டும் கடிகாரம்]

வணக்கம். முதலில் ஒரு சிறு சோதனை. மணிக்கட்டில் விரல் வைக்காமல், நெஞ்சில் கை வைக்காமல், அசையாமல் உட்கார்ந்து, அடுத்த 30 நொடிகளில் உங்கள் இதயம் எத்தனை முறை துடிக்கிறது என்று மனத்துக்குள் எண்ணுங்கள். வழக்கமாக இந்த இடத்தில் சப்ஸ்கிரைப் பொத்தானைப் பற்றி நான் பேசியாக வேண்டும். நீங்கள் எண்ணிக்கொண்டிருப்பதால் விட்டுவிடுகிறேன்.

எண்ணிவிட்டீர்களா? விளையாட்டுப் போலத் தோன்றும் இந்தச் சோதனையில் ஒருவர் வாங்கும் மதிப்பெண்ணுக்கும், அவர் நிதிச் சந்தையில் வாங்கி விற்று எவ்வளவு லாபம் பார்க்கிறார், எத்தனை ஆண்டு தாக்குப்பிடிக்கிறார் என்பதற்கும் தொடர்பு இருப்பதாக ஓர் ஆய்வு காட்டியது. இன்றைய காணொளி அதைப் பற்றியது.

பின்னணியை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். லாபம் தரும் மகிழ்ச்சியைவிட அதே அளவு நட்டம் தரும் வலி நமக்குப் பெரிது என்று 1979 இல் உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் காட்டினார்கள். லாபத்தில் இருக்கும் பங்கை அவசரமாக விற்றுவிட்டு நட்டத்தில் இருப்பதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் வழக்கத்தை 1985 இல் ஹெர்ஷ் ஷெஃப்ரினும் மேயர் ஸ்டாட்மனும் விவரித்தார்கள். 1998 இல் டெரன்ஸ் ஓடீன் ஒரு தரகு நிறுவனத்தின் 10,000 கணக்குகளை அலசி, அது உண்மைதான் என்று உறுதிப்படுத்தினார். இவற்றையெல்லாம் அறிந்தவர்களும் அதே தவற்றைச் செய்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. பிறருடைய மனச் சார்புகள் நமக்குத் தெளிவாகத் தெரியும், நம்முடையவை தெரியா என்று எமிலி புரோனினும் அவருடன் பணியாற்றியவர்களும் 2002 இல் எழுதினார்கள். ஆகவே மனித மனத்தின் பிழைகளை மனப்பாடம் செய்வது வேறு, தன்னை அறிவது வேறு.

இப்போது இதயத்துக்கு வருவோம். 2016 இல் வெளியான அந்த ஆய்வைச் செய்தவர்களில் ஒருவர் ஜான் கோட்ஸ். வால் ஸ்ட்ரீட்டில் டிரேடராக இருந்துவிட்டு, பணத்தைப் பணயம் வைக்கும்போது மனித உடலுக்குள் என்ன நடக்கிறது என்று அறிய ஆய்வுத் துறைக்குள் நுழைந்தவர். இவரும் மற்ற ஆய்வாளர்களும் லண்டனில் ஒரு ஹெட்ஜ் ஃபண்டில் (பெரும் முதலீட்டாளர்களின் பணத்தைத் துணிந்த உத்திகளில் போடும் நிதி நிறுவனத்தில்) வேலை பார்த்த 18 ஆண் டிரேடர்களைச் சோதித்தார்கள். இந்த 18 பேரும் ஒரு பங்கை வாங்கிப் பத்தாண்டு பூட்டி வைப்பவர்கள் அல்லர். நொடிகளிலோ நிமிடங்களிலோ, மிஞ்சினால் சில மணி நேரத்திலோ பொசிஷனை, அதாவது கையில் வைத்திருக்கும் டிரேடை, முடித்துக்கொண்டு வெளியேறுகிறவர்கள். ஐரோப்பியக் கடன் நெருக்கடியின் கொந்தளிப்பு முழுதாக அடங்காத காலம் அது.

நீங்கள் சற்றுமுன் செய்ததைத்தான் அவர்களும் செய்தார்கள். குறிப்பிட்ட நேரத்துக்குள் துடிப்புகளைத் தாங்களாகவே எண்ணிச் சொல்ல வேண்டும். கருவி உண்மையான எண்ணிக்கையைத் தனியே பதிவு செய்துகொண்டிருக்கும். சொன்ன எண் உண்மைக்கு எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு மதிப்பெண். டிரேடர்கள் சராசரியாக ஏறத்தாழ 78 வாங்கினார்கள். ஒப்பிடுவதற்காகச் சோதிக்கப்பட்ட, டிரேடர் அல்லாத 48 பேர் வாங்கிய சராசரி ஏறத்தாழ 67. டிரேடர்களுக்குள்ளேயே, கூடுதல் மதிப்பெண் வாங்கியவர்கள் கூடுதல் லாபம் ஈட்டியிருந்தார்கள். நீண்ட ஆண்டுகள் சந்தையில் நிலைத்தவர்களின் மதிப்பெண்ணும் உயர்ந்தே இருந்தது.

புகழ்பெற்ற ஹெட்ஜ் ஃபண்ட் முதலீட்டாளர் ஜார்ஜ் சோரோஸுக்கு இதைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்காது. தாம் ஃபண்டை நேரடியாக நடத்திய காலத்தில் கடுமையான முதுகுவலி தொடங்கினால், போர்ட்ஃபோலியோவில், அதாவது தம் முதலீடுகளின் தொகுப்பில், ஏதோ சரியில்லை என்பதற்கான அடையாளமாக அதை எடுத்துக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். முதுகுவலி வந்தவுடன் எல்லாப் பொசிஷனையும் விற்றுவிடாதீர்கள். உங்களுக்கு வந்தது நாற்காலியின் கோளாறாகவும் இருக்கலாம். ஆனால் அடிப்படைக் கருத்து கவனிக்கத்தக்கது. அறிவு ஒரு காரணத்தைச் சொற்களில் எடுத்துரைப்பதற்கு முன்பே, பலமுறை பார்த்துப் பழகிய ஒரு நிலைமையை உடல் அடையாளம் கண்டுகொண்டு துடிப்பிலும் மூச்சிலும் வயிற்றிலும் செய்தி அனுப்பக்கூடும். அந்தச் செய்தியைக் கேட்கத் தெரிந்தவருக்குச் சில நொடிகள் முன்னதாகவே எச்சரிக்கை கிடைக்கிறது என்பது இத்தகைய ஆய்வுகளுக்குப் பின்னால் உள்ள எண்ணம்.

ஆனால் 18 பேர், அனைவரும் ஆண்கள், ஒரே நிறுவனம் என்பதை மறக்கக் கூடாது. உடலைக் கேட்கத் தெரிந்ததால் நிலைத்தார்களா, நிலைத்ததால் கேட்கக் கற்றுக்கொண்டார்களா என்பதை இந்த ஒரு சோதனையை வைத்துச் சொல்லிவிட முடியாது. இதயத்துடிப்பை எண்ணப் பழகினால் கோடீசுவரர் ஆகலாம் என்று யாரேனும் வகுப்பு நடத்தினால் கட்டணத்தைக் கட்டாதீர்கள்.

என்னை உண்மையில் கவர்ந்தது லாபக் கணக்கு அன்று, அதே ஆய்வில் ஓரமாகக் கிடந்த வேறொரு முடிவு. துடிப்பைச் சரியாக எண்ணினோம் என்று எவ்வளவு உறுதியாக நம்புகிறீர்கள் என்றும் அந்த டிரேடர்களிடம் கேட்டிருந்தார்கள். அந்த நம்பிக்கைக்கும் உண்மையான மதிப்பெண்ணுக்கும் தொடர்பே இல்லை. தன் உடலைத் தனக்கு நன்றாகத் தெரியும் என்று அடித்துச் சொன்னவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. தயங்கியவர் மிகச் சரியாக எண்ணியிருக்கலாம். தன்னைப் பற்றித் தான் வைத்திருக்கும் கருத்தை ஒருவர் தன்னை அறிதல் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று எனக்குத் தெரியவில்லை. நேர்காணல்களில் 'நான் உணர்ச்சிவசப்படாத டிரேடர்' என்று சொல்லிக்கொள்பவர்களிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான்: அதை அளந்து பார்த்தவர் யார்?

உடலைக் கேட்பது என்றால் உணர்ச்சி இழுத்த பக்கம் போவது என்று பொருளன்று. ஆண்ட்ரூ லோ, டிமிட்ரி ரெப்பின், பிரெட் ஸ்டீன்பார்கர் ஆகியோர் 2005 இல் வெளியிட்ட ஆய்வில், டே டிரேடிங் (அன்றே வாங்கி அன்றே விற்பது) பயிற்சியில் சேர்ந்த 80 பேரைக் கவனித்தார்கள். லாபத்துக்கும் நட்டத்துக்கும் மிகக் கடுமையாக உணர்ச்சிவசப்பட்டவர்களின் வர்த்தக முடிவுகள் மோசமாக இருந்தன. நெஞ்சு படபடப்பதைக் கவனிப்பவர் வேறு, அந்தப் படபடப்போடு ஆர்டர் போடுபவர் வேறு.

சரி, இதெல்லாம் நொடிக் கணக்கில் விளையாடும் டிரேடர்களுக்கு. பெரும் நிறுவனங்களின் பணத்தை நிர்வகிக்கும் ஃபண்ட் மேனேஜர்கள் நிதானமானவர்கள் ஆயிற்றே என்று நினைப்பீர்கள். 2000 முதல் 2016 வரை 783 நிறுவன போர்ட்ஃபோலியோக்களில் நடந்த வர்த்தகங்களை ஓர் ஆய்வுக் குழு அலசியது. வாங்குவதில் இவர்கள் உண்மையிலேயே திறமைசாலிகள் என்று தெரிந்தது. விற்பதிலோ, கையிலிருக்கும் பங்குகளில் ஏதோ ஒன்றைக் குலுக்கல் முறையில் எடுத்து விற்றிருந்தால்கூட இவர்களைவிட நல்ல பலன் கிடைத்திருக்கும். வாங்கும்போது மாதக் கணக்கில் ஆராய்கிறவர்கள், விற்கும்போது வீட்டைக் காலி செய்கிறவரைப் போலக் கண்ணில் பட்டதை எடுத்து வெளியே வைத்துவிடுகிறார்கள். மிக அதிகமாக ஏறியதும் மிக அதிகமாக இறங்கியதும்தான் முதலில் கண்ணில் படுகின்றன. நிறுவனங்கள் காலாண்டு முடிவுகளை அறிவிக்கும் நாள்களில் மட்டும் இவர்களுடைய விற்பனை நன்றாக இருந்தது, ஏனெனில் அன்று அந்தப் பங்கைப் பற்றி நிறுத்தி யோசிக்க ஒரு காரணம் கிடைத்தது. அறிவுக் குறைவு இதற்குக் காரணமன்று. வாங்கிய பங்கு தினமும் திரையில் தெரிகிறது. விற்ற பங்கு பின்னர் என்ன ஆயிற்று என்பதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எனவே அளவுகோல் வெளியில் இருக்க வேண்டும் என்பதே என் கட்சி. அதற்கு மலிவான கருவி டிரேடிங் ஜர்னல், அதாவது ஒவ்வொரு டிரேடையும் எழுதி வைக்கும் குறிப்பேடு. பலரும் அதில் வாங்கிய விலை, விற்ற விலை, லாபம் என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். அது தரகு நிறுவனமே அனுப்பும் கணக்கு. எழுத வேண்டியவை வேறு: ஆர்டர் போடுவதற்கு முன்பே, ஏன் வாங்குகிறேன், எது நடந்தால் வெளியேறுவேன், எத்தனை சதவீதம் நம்புகிறேன், இப்போது உடல் எப்படி இருக்கிறது.

[திரையில்: ஒரு ஜர்னலின் இரண்டு வரிகள்]

கற்பனையான இந்தப் பக்கத்தைப் பாருங்கள். 10:42, ஸ்டாப் லாஸ் (நட்டம் குறித்த அளவைத் தொட்டதும் தானாக வெளியேற்றும் ஆர்டர்) அடித்தது, காரணக் கட்டம் நிறைந்திருக்கிறது. 10:45, அதே பங்கு, இரு மடங்கு அளவு, காரணக் கட்டம் காலி. இழந்ததை உடனே மீட்கும் வெறியில் போடும் பழிவாங்கும் டிரேட் என்பது இப்படித்தான் இருக்கும். அதைச் செய்த நிமிடத்தில் அந்த டிரேடரிடம் கேட்டிருந்தால் அரை மணி நேரம் நியாயம் சொல்லியிருப்பார். இத்தகைய அவசர டிரேடுகள் உங்களுக்கு வழக்கம் என்று தெரிந்தால், ஒரு நாளில் இவ்வளவு நட்டத்துக்கு மேல் போனால் திரை மூடப்படும் என்ற வரம்பைச் சந்தை திறப்பதற்கு முன்பே, நிதானமாக இருக்கும்போதே வைத்துவிடலாம். அதேபோல் 80 சதவீதம் என்று எழுதிய டிரேடுகளை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். அவற்றில் பாதிதான் சரியாகப் போயிருக்கிறது என்றால், நீங்கள் 80 என்று உணர்வது உண்மையில் 50. அடுத்த முறை அந்த உணர்வு வரும்போது எவ்வளவு பணம் போடுவது என்பது அதற்கேற்ப மாற வேண்டும்.

கணக்கைப் பிறர் பார்க்க முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு பேரிங்ஸ் வங்கியின் டிரேடர் நிக் லீசன் போதும். நட்டங்களை 88888 என்ற கணக்கில் மறைத்தார். வர்த்தகமும் அதைச் சரிபார்க்கும் அலுவலும் ஒருவர் கையிலேயே இருந்தன. 1995 இல் பேரிங்ஸ் வங்கி 82.7 கோடி பவுண்டு நட்டத்தோடு கவிழ்ந்தது.

இந்தப் பழக்கம் இல்லாத திறமையை உண்டாக்கிவிடாது. சந்தையை வெல்ல உங்களிடம் வழி எதுவும் இல்லையென்றால், ஜர்னல் அதையும் தயவு தாட்சண்யமின்றிக் காட்டிவிடும், அப்போது விலகிக்கொள்வதும் ஒரு நல்ல முடிவே. எதற்கும், கடந்த ஆண்டு நீங்கள் விற்ற பங்குகளை மட்டும் ஒரு தாளில் எழுதி, எதிரே அவற்றின் இன்றைய விலையைக் குறித்துப் பாருங்கள். எத்தனை பங்குகள் விற்ற பிறகு ஏறின, எத்தனை இறங்கின என்பதைக் கருத்துப் பெட்டியில் பதிவு செய்யுங்கள். லாபத் தொகையை மட்டும் எழுத வேண்டாம், அந்த எண்களை நான் நம்புவதில்லை.