மான் வேட்டைக்குப் புதுசா? அமெரிக்காவில் இருக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு

(திரையில்: காரைக்குடி. பழைய வீட்டு முகப்பு, சுவரில் ஒரு ஜோடி மான் கொம்பு.)

வணக்கம். செட்டிநாட்டில் எந்தத் தெருவுக்குப் போனாலும் பிள்ளை அமெரிக்காவில் இருக்கிற வீடு ஒன்றாவது இருக்கும். அந்தப் பிள்ளைகள் இப்போது அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "அண்ணே, நவம்பர் வந்தால் ஆபீஸில் பாதிப் பேர் மான் வேட்டைக்குக் கிளம்பிவிடுகிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள், நான் போகலாமா, எங்கே ஆரம்பிப்பது?" இந்த வீடியோ அவர்களுக்காக. ஆனால் முதல் பகுதி இங்கே ஊரில் இருக்கிறவர்களுக்கு, அதைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள்.

இந்தியாவில் மான் வேட்டை கிடையாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் அதைத் தடை செய்துவிட்டது. சுட்டால்தான் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணி வைப்பது, வலை போடுவது, விஷம் வைப்பது, விரட்டுவது, இதில் எதையாவது செய்ய முயற்சி பண்ணுவதுகூட அந்தச் சட்டத்தில் வேட்டைதான். லைசென்ஸ் தேவையில்லாத ஏர்கன் தானே என்கிற பேச்சும் எடுபடாது. சிவராத்திரி சமயத்தில் பாரிவேட்டை என்று முயல் பிடிக்கப் போய், வனத்துறையிடம் மாட்டி அபராதம் கட்டியவர்களை நம்ம பக்கத்தில் பார்த்திருப்பீர்கள்.

கோடையில் தண்ணீர் தேடி ரோட்டுக்கு வருகிற புள்ளிமான் வண்டியில் அடிபட்டுச் செத்துக் கிடந்தால், அந்த உடலும் அரசுச் சொத்து. போலீசுக்கோ வனத்துறைக்கோ தகவல் சொல்லுங்கள், கறியில் கை வைக்காதீர்கள். இதோ இந்தச் சுவரில் இருக்கிற கொம்பு மாதிரி உங்கள் வீட்டிலும் தாத்தா காலத்துக் கொம்பு இருந்தால், அதற்கு உரிமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று வீட்டில் கேளுங்கள். அதை யாருக்கும் விற்கக் கூடாது, பழைய சாமான் கடைக்கும்தான்.

(திரையில்: டெக்ஸாஸ் மேய்ச்சல் நிலம், வெள்ளைவால் மான்கள்.)

சரி, அப்படியானால் அங்கே மட்டும் ஏன் விடுகிறார்கள்? 1900 வாக்கில் அமெரிக்கா முழுக்க வெள்ளைவால் மான் சுமார் 5 லட்சம்தான் மிஞ்சியிருந்தது என்று கணிக்கிறார்கள். விற்பனைக்காகச் சுட்டுத் தள்ளியதால் வந்த நிலை அது. அதன் பிறகு சட்டம் வந்தது, சீசன் வந்தது, காட்டு மான் கறியை விற்பது நின்றது. இன்று சுமார் 3 கோடி. அவற்றை அடித்துத் தின்ற ஓநாயும் மலைச்சிங்கமும் பல மாநிலங்களில் இல்லாமல் போய்விட்டதால், மான் பெருகி இளங்கன்று மரங்களைத் தின்று தீர்க்கிறது, ரோட்டில் கார்களில் மோதுகிறது. அதனால் எந்த இடத்தில் எத்தனை எடுக்கலாம், கலையா (ஆண் மான்) பிணையா (பெண் மான்) என்று மாநில அரசே கணக்குப் போட்டுச் சொல்கிறது. 1937-இல் வந்த சட்டப்படி ரைபிள், தோட்டா விற்பனையில் 11 சதவீத வரி நேராக வனவிலங்குப் பராமரிப்புக்குப் போகிறது. இது தெரிந்தால்தான் அங்கே போடுகிற விதிகளின் அர்த்தம் புரியும், ஒவ்வொன்றையும் மதிக்கத் தோன்றும்.

இப்போது விசா. மிக முக்கியம், நன்றாகக் கேளுங்கள். வேலைக்கான எச்-1பி, படிப்புக்கான எஃப்-1 மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதே அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம். நண்பரின் துப்பாக்கியை வாங்கிப் பிடித்தாலும் குற்றம்தான். ஆனால் அதே சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது: அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் உங்களிடம் இருந்தால் இந்தத் தடை உங்களுக்குப் பொருந்தாது. அதனால் லைசென்ஸ் முதலில், துப்பாக்கியைத் தொடுவது அப்புறம். இந்த வரிசை மாறவே கூடாது, லைசென்ஸ் காலாவதியாகவும் விடக் கூடாது. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. விசா காலம் முடிந்து தங்கியிருப்பவர்கள் இந்தப் பக்கமே வராதீர்கள். சந்தேகம் இருந்தால் குடியேற்ற வக்கீலிடம் கேட்டுவிட்டுப் போங்கள், ஒரு மானுக்காக வேலையையும் விசாவையும் பணயம் வைக்க வேண்டாம்.

நம்ம ஆட்கள் நிறையப் பேர் டெக்ஸாஸில் இருப்பதால் அதையே உதாரணமாகச் சொல்கிறேன், மற்ற மாநிலங்களில் விதி மாறும். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைக் கல்விப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். 17 வயது ஆனவர்கள் ஆன்லைனிலேயே முடித்துவிடலாம். முடிந்தால் நேரில் போய்ப் படியுங்கள் என்பேன், ஏனென்றால் வேலி தாண்டும்போது துப்பாக்கியை எப்படி வைப்பது என்பதெல்லாம் திரையில் பார்த்தால் மனதில் நிற்காது. துப்பாக்கி வைத்து வேட்டையாடும் பொதுச் சீசன் நவம்பர் முதல் சனிக்கிழமை திறக்கிறது. சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னாலிருந்து மறைந்து அரை மணி வரைக்கும்தான் சுடலாம்.

இடம் கிடைப்பதுதான் பெரிய பாடு. அங்கே நிலத்தில் 95 சதவீதத்துக்கு மேல் தனியார் கையில் இருக்கிறது. தெரிந்தவர் பண்ணை, குத்தகை, இல்லையென்றால் அரசின் பொது வேட்டை நிலத்துக்கான அனுமதிச் சீட்டு, இந்த மூன்றுதான் வழி. மரத்திலோ கம்பத்திலோ ஊதா நிறத்தில் செங்குத்தாகப் பட்டை அடித்திருந்தால் உள்ளே வராதே என்று அர்த்தம், போர்டு வைத்ததற்குச் சமம்.

(திரையில்: கண்மாய்க்கரை, அதிகாலை. ஒரு கை பவுடரைத் தட்டிவிடுகிறது.)

இனி மானைப் பற்றி. மானின் மூக்கை நீங்கள் ஏமாற்ற முடியாது. கடையில் வாசனையை மறைக்கிற ஸ்பிரே என்று ஏதேதோ விற்பார்கள், அதில் பணத்தைக் கொட்டாதீர்கள். காற்று மானிலிருந்து உங்கள் பக்கம் வீச வேண்டும், அவ்வளவுதான். ஒரு சின்ன டப்பாவில் பவுடர் வைத்துக்கொண்டு அவ்வப்போது தட்டிப் பார்த்தால் காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரியும். காலையில் வெயில் ஏற ஏற மேட்டுப் பக்கம் ஏறும், சாயங்காலம் குளிர்ந்ததும் பள்ளத்துக்கு இறங்கும். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது இதை நம்ம கண்மாய்க்கரையிலேயே பழகலாம். விடியலில் போய் ஒரு மணி நேரம் அசையாமல் உட்காருங்கள், போனை எடுக்காதீர்கள், மயிலும் கொக்கும் உங்களைக் கண்டுகொள்ளாமல் எவ்வளவு கிட்டே வருகின்றன என்று பாருங்கள். இப்படி உட்காரப் பொறுமை இல்லாதவருக்கு எவ்வளவு விலை கொடுத்து ரைபிள் வாங்கினாலும் மான் கிடைக்காது, கிடைத்தாலும் அவசரத்தில் தப்பாகத்தான் சுடுவார்.

கண் விஷயம் வேறு மாதிரி. மானுக்கு ஆரஞ்சுக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது, நீலம் நன்றாகத் தெரியும். அதனால் பளிச்சென்ற ஆரஞ்சு மேலாடையைத் தைரியமாகப் போடுங்கள், மானுக்குத் தெரியாது, மற்ற வேட்டைக்காரர்களுக்குத் தெரியும். நீல ஜீன்ஸை வீட்டில் வைத்துவிடுங்கள். மரத்தில் பரண் கட்டி உட்கார்ந்தால் உடம்பில் பாதுகாப்புப் பட்டை மாட்டாமல் ஏறவே கூடாது. துப்பாக்கியில் மட்டும்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள், பரணிலிருந்து விழுந்து முதுகெலும்பை முறித்துக்கொண்டவர்கள் ஏராளம்.

துப்பாக்கிக்கு வருவோம். தொடக்கத்தில் பின்னுதைப்பு குறைவான .243 அளவுத் தோட்டா போடும் ரைபிள் போதும். நூறு கஜத்தில் குறி சரிபார்த்தபின், மேசையில் சாய்த்து வைத்து மட்டும் சுட்டுப் பழகாமல், உட்கார்ந்து, முழங்காலிட்டு, நிஜத்தில் எப்படி இருப்பீர்களோ அப்படிச் சுடுங்கள். சாப்பிடும் காகிதத் தட்டு ஒன்றை வைத்து, எந்தத் தூரத்தில் எல்லாக் குண்டும் தட்டுக்குள் விழுகிறதோ அதுதான் உங்கள் தூரம். அதைத் தாண்டி நிற்கிற மானை விட்டுவிடுங்கள்.

மான் பக்கவாட்டில் நிற்க வேண்டும், அல்லது லேசாக அந்தப் பக்கம் திரும்பியிருக்கலாம். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சின் கீழ்ப்பகுதியில் நுரையீரலும் இதயமும் இருக்கின்றன. அங்கே பட்டால் சில நொடிகளில் முடிந்துவிடும். முகம் பார்த்து நிற்கிறதா, ஓடுகிறதா, பின்னால் வீடோ ரோடோ இருக்கிறதா, குண்டு போய் விழ மண்மேடு இல்லையா, சுடாதீர்கள். வயிற்றில் குண்டு பட்ட மான் மணிக்கணக்கில் துடித்துச் சாகும். அந்த வேதனைக்கு நாம் காரணமாகக் கூடாது என்கிற நினைப்பு இல்லாதவர் வேட்டைக்குப் போகக் கூடாது, இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

சுட்டதும் ஓடாதீர்கள். மான் நின்ற இடத்தையும் கடைசியாகத் தெரிந்த இடத்தையும் மனதில் குறித்துக்கொண்டு அரை மணி நேரம் இருங்கள். நுரைத்த இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல், மான் பக்கத்தில்தான் கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், இன்னும் பொறுக்க வேண்டும். பச்சை கலந்து நாற்றம் அடித்தால் குடல், பல மணி நேரம் விட்டுப் பின்தொடருங்கள், இல்லையென்றால் எழுந்து இன்னும் தூரம் ஓடிவிடும். கண்டுபிடித்ததும் முதல் வேலை, லைசென்ஸோடு வந்த சீட்டை நிரப்பி அங்கேயே மானின் உடலில் கட்டுவது.

குடலை உடனே எடுத்து உடம்பைக் குளிரவிடுங்கள், டெக்ஸாஸ் நவம்பரில் வெயில் அடித்தால் கறி சீக்கிரம் கெட்டுவிடும். மான்களை மெலியவைத்துக் கொல்லும் சி.டபிள்யூ.டி. என்ற நோய் பல மாநிலங்களில் இருக்கிறது. மனிதருக்குப் பரவியதாக இதுவரை உறுதியாகவில்லை, ஆனாலும் இந்த நோயை உண்டாக்கும் புரதம் எவ்வளவு வேகவைத்தாலும் அழியாது, அதனால் அந்தப் பகுதியில் எடுத்த மானைச் சோதனைக்குக் கொடுத்து, முடிவு வந்த பிறகே சமையுங்கள். நோய் இருந்தால் சாப்பிட வேண்டாம்.

மான் கறியில் கொழுப்பே இருக்காது, வேகவைக்கத் தெரியாவிட்டால் நார் நாராக இருக்கும். நம்ம உப்புக்கறி பக்குவம் இதற்கு அவ்வளவு பொருத்தம்: சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, நல்லெண்ணெயைத் தாராளமாக விட்டு, சின்ன வெங்காயம், பூண்டு, விதை தட்டிய வரமிளகாய், உப்பு, மஞ்சள் மட்டும் போட்டு மூடிவைத்து நிதானமாக வேகவிட்டு, கடைசியில் சுருட்டி எடுங்கள். நடுத்தர மான் ஒன்றில் எலும்பு நீக்கி சுமார் 15 கிலோ கிடைக்கும். குடும்பத்துக்கு அதிகம் என்று தோன்றினால் கறி வெட்டிக் கொடுக்கும் கடையில் கேளுங்கள், பசித்தவர்களுக்கான உணவு வங்கிக்குச் சேர்க்கும் ஏற்பாடு டெக்ஸாஸில் இருக்கிறது. பயிற்சி வகுப்பை மட்டும் கோடையிலேயே முடித்துவிடுங்கள், அக்டோபரில் இடம் கிடைக்காமல் அலைய வேண்டாம்.