ஜாடோவில்லில் ஐந்து நாள்

நேயர்களுக்கு வணக்கம். எந்த ராணுவக் கூட்டணியிலும் சேராத நாட்டுக்கு வெளிநாட்டில் படைக்கு என்ன வேலை என்று பலர் கேட்பதுண்டு. அயர்லாந்தைப் பாருங்கள் என்பேன். நேட்டோவில் அது இல்லை. இரண்டாம் உலகப் போரிலும் ஒதுங்கியே நின்றது. ஆனால் 1955-இல் ஐ.நா.வில் சேர்ந்ததும், 1958-லேயே லெபனானுக்குப் பார்வையாளர்களாகத் தன் அதிகாரிகளை அனுப்பியது. அன்று தொடங்கிய ஐ.நா. அமைதிப் பணி இன்றுவரை அறுபடவில்லை.

ஏன் அயர்லாந்துக்காரர்களைக் கூப்பிடுகிறார்கள்? சண்டைக்கு நடுவில் போய் நிற்பவர் எந்தத் தரப்பின் ஆளும் இல்லை என்று இரண்டு பக்கமும் நம்ப வேண்டும். அயர்லாந்து யாரையும் காலனியாக வைத்து ஆண்டதில்லை, தானே ஆளப்பட்ட நாடு. அந்த நம்பிக்கை கதவைத் திறந்துவிடும். உள்ளே போன சிப்பாயின் உயிரை அது மட்டும் காக்காது. இன்று நான் அழுத்திச் சொல்ல வந்தது இதுதான்.

காங்கோவுக்கு வருவோம். 1960-இல் பெல்ஜியத்திடமிருந்து விடுதலை பெற்ற சில நாளிலேயே, செம்புச் சுரங்கங்கள் நிறைந்த அதன் கட்டங்கா மாகாணம் தனி நாடு என்று அறிவித்துக்கொண்டது. ஐ.நா. படை போனது. முதலில் போன அயர்லாந்துக்காரர்கள் அந்த வெயிலில் கனத்த கம்பளிச் சீருடையோடு இறங்கினார்கள்! நவம்பரில் நியெம்பா என்ற இடத்தில் ரோந்து போன அயர்லாந்துச் சிப்பாய்கள் 11 பேரில் 9 பேர் கொல்லப்பட்டார்கள்.

அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஜாடோவில். கட்டங்காவின் சுரங்க நகரம். அங்கிருந்த வெள்ளையர் குடும்பங்களைக் காக்கத்தான் அயர்லாந்து அதிகாரி பாட் குயின்லன் தலைமையில் சுமார் 155 சிப்பாய்கள் போனார்கள். அந்தக் குடும்பங்களோ இந்தச் சிப்பாய்களை விரும்பவில்லை. குயின்லன் முகம் பார்த்தே நிலைமையைப் புரிந்துகொண்டவர். உடனே பதுங்குகுழி வெட்டச் சொன்னார். அதுதான் காப்பாற்றியது. 13-ஆம் தேதி காலை சிப்பாய்கள் பலர் கிறித்தவப் பூசையில் இருந்த நேரம் பார்த்துத் தாக்குதல் தொடங்கியது. எதிரே கட்டங்காப் படை, ஐரோப்பியக் கூலிப்படையினர், பல மடங்கு ஆள்பலம். மேலே எதிரியின் ஒரே ஒரு ஜெட் விமானம். அந்த ஒன்றை விரட்டக்கூட அப்போது அங்கே ஐ.நா.விடம் போர் விமானம் இல்லை. உதவிக்குப் புறப்பட்ட படை லுஃபிரா பாலத்தில் தடுக்கப்பட்டது. ஹெலிகாப்டரில் தண்ணீர் வந்தது, அதுவும் பெட்ரோல் நாற்றம் அடித்த டப்பாக்களில். குடிக்க முடியவில்லை. ஐந்தாம் நாள், குண்டும் தண்ணீரும் தீர்ந்தபின் சரணடைந்தார்கள். ஐந்து பேருக்குக் காயம், ஒருவர்கூடச் சாகவில்லை. இதைவிட நல்ல தலைமையை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஊர் திரும்பியவர்களுக்கு என்ன கிடைத்தது தெரியுமா? மௌனம். சரணடைந்தவர்கள் என்ற பெயர். குயின்லன் 1997-இல் இறந்தார். 2004-இல்தான் ராணுவம் அவர்கள்மேல் குறை இல்லை என்றது. படைப்பிரிவுக்கான பாராட்டு 2016-இல் வந்தது. அனுப்பும்போது கொடி பிடித்த நாடு, திரும்பியபோது பக்கத்தில் நின்றிருக்க வேண்டாமா? கம்பளிச் சீருடையில் அனுப்பியதும் இந்த மௌனமும் எனக்கு ஒரே அலட்சியமாகத்தான் தெரிகின்றன.

நேரம் நெருங்கிவிட்டது. 1978 முதல் தெற்கு லெபனானில் அவர்கள் நின்ற கதையை விரிவாகச் சொல்ல நினைத்தேன். அங்கே மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்டோரை இழந்திருக்கிறார்கள் என்பதோடு விடுகிறேன். அப்புறம் இன்னொன்று. 12 சிப்பாய்களுக்கு மேல் வெளிநாடு அனுப்ப ஐ.நா., அமைச்சரவை, நாடாளுமன்றம் மூன்றும் ஒப்ப வேண்டும் என்பது அயர்லாந்தின் சட்டம். 1999-இல் மாசிடோனியாவில் இருந்த ஐ.நா. பணியை நீட்டிக்கவிடாமல் சீனா வீட்டோ, அதாவது தடுப்பு வாக்கு, போட்டது. ஐ.நா. ஒப்புதல் இல்லாததால் 2003-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் படை அங்கே போனபோது அயர்லாந்தால் சேர முடியவில்லை. அந்தச் சட்டத்தைத் தளர்த்த இப்போது அரசு முனைகிறது. வல்லரசின் வீட்டோவுக்குக் கட்டுப்பட வேண்டாம் என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் நாடாளுமன்றத்தின் ஒப்புதலில் மட்டும் கை வைக்கக் கூடாது. வணக்கம்.