முதலில் சாகும் பன்றி

நேயர்களுக்கு வணக்கம்.

வெண்பன்றிப் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2020இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் தலைகாட்டியது. 2022 ஜூலையில் வயநாட்டுக்கு வந்தது. 2023 ஜனவரியில் முதுமலைக் காட்டில் செத்துக் கிடந்த காட்டுப்பன்றிகளைப் பரிசோதித்தபோதும் இதே நோய்தான். மனிதர்களுக்கு இது தொற்றாது. 'பன்றிக் காய்ச்சல்' என்று சொல்லி நமக்கு வரும் எச்1என்1 காய்ச்சல் வேறு, இது வேறு. ஆனால் பன்றிக்கு வந்துவிட்டால் மருந்து கிடையாது. நம் பண்ணைகளுக்குத் தடுப்பூசியும் இல்லை. மிச்சம் இருப்பது, வந்ததைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது. இன்றைக்கு அதை மட்டும் பேசலாம்.

"இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? கொட்டிலே காலியாகும் நோயாச்சே, தெரியாமலா போகும்?" என்று கேட்பீர்கள். பலர் ஏமாறுவது இங்கேதான். இந்த நோய் கடைசியில் கொட்டிலைக் காலி செய்வது உண்மை. ஆனால் ஆரம்பத்தில் மெதுவாகத்தான் நகரும். கோமாரி மாதிரி காற்றில் கிலோமீட்டர் கணக்கில் பறக்காது. நோய்ப்பட்ட பன்றியின் இரத்தம், எச்சில், சாணம், அதைத் தொட்ட கை, செருப்பு, ஊசி, இவை வழியாகத்தான் அடுத்த பன்றிக்குப் போகும். கிருமி உடம்புக்குள் போய் அறிகுறி தெரிய நான்கு நாளும் ஆகலாம், பத்தொன்பது நாளும் ஆகலாம். அதனால் ஒரு பன்றி சாகும். பிறகு ஒரு வாரம் ஒன்றும் நடக்காது. "வெயில் தாங்கவில்லை போல", "பாம்பு தீண்டியிருக்கும்" என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். அடுத்த வாரம் இரண்டு சாகும். அதற்கடுத்த வாரம் எண்ண முடியாது. முதல் சாவுக்கும் மொத்தச் சாவுக்கும் நடுவே கிடைத்த அந்த நாட்கள்தான் நமக்குக் கிடைத்த அவகாசம்.

ஆகவே நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: முதலில் சாகும் பன்றியைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

இதற்குப் பதிலாக, "மாதம் ஒருமுறை முப்பது பன்றிக்கு இரத்தம் எடுத்துப் பார்த்துவிடுகிறோமே" என்பார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், பேப்பர் வேண்டாம். பண்ணையில் 200 பன்றி. அதில் நோய் தொற்றியது இரண்டுதான் என்று வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு முப்பதைப் பிடித்து இரத்தம் எடுத்தால், அந்த இரண்டில் ஒன்றுகூடக் கைக்கு வராமல் போகும் வாய்ப்பு நூற்றுக்கு 72. செலவும் செய்து, பன்றிகளையும் விரட்டிப் பிடித்து, "நோய் இல்லை" என்று பொய்யான நிம்மதியோடு இருப்போம். செத்த பன்றியோ தானாகவே நம்மிடம் வந்து நிற்கிறது. நோய் உள்ளே வந்திருந்தால் அந்த உடம்பில்தான் கிருமி நிரம்பி இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் நோய்க் கட்டுப்பாட்டுப் பகுதிப் பண்ணைகளுக்கு இதே வழியில்தான் விதி இருக்கிறது: ஒவ்வொரு வாரமும், அறுபது நாள் வயது தாண்டி முதலில் சாகும் இரண்டு பன்றிகளைப் பரிசோதிக்க வேண்டும். முதல் இரண்டு. இருபது சாகும்வரை காத்திருக்கச் சொல்லவில்லை.

சரி, சாவதற்கு முன்னாலேயே பிடிக்க முடியாதா? முடியும். அதற்குத் தீனி வேளையில் தொட்டிப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

வளரும் பன்றி ஒன்று நாளைக்கு இரண்டு, இரண்டரை கிலோ அடர்தீவனம் தின்னும். ஒரு அறையில் பத்து பன்றி. ஒன்றுக்குக் காய்ச்சல் வந்து தின்னவில்லை என்றால் இரண்டரை கிலோ மிஞ்சும் என்று கணக்கு சொல்லும். மிஞ்சாது! மற்ற ஒன்பதும் அதையும் சேர்த்துத் தின்றுவிடும். தொட்டி பளிச்சென்று இருக்கும். ஆகவே மிச்சத் தீவனத்தை எடை போட்டுப் பிரயோசனமில்லை. தலையை எண்ண வேண்டும். தீனி கொட்டியதும் எழுந்து வராதது எது, வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தது எது என்று பார்க்க வேண்டும். தீனி போட்டுவிட்டு உடனே அடுத்த அறைக்கு ஓடும் ஆளுக்கு இது தெரியாது. இரண்டு நிமிடம் நின்றால் தெரியும்.

எழுந்து வராத பன்றிக்கு ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். சாதாரணமாக 102 பாரன்ஹீட் சுற்றி இருக்கும். 105ஐத் தொட்டால் சந்தேகம்தான். நண்பகலில் தகரக் கூரைக்குக் கீழே நல்ல பன்றிக்கும் சூடு ஏறும். அதனால் காலைத் தீனி வேளையிலேயே, வெயில் ஏறும் முன் பாருங்கள். நலமாக உள்ள அறைகளை முதலில், சந்தேகமான அறையைக் கடைசியில். ஒவ்வொரு பன்றிக்குப் பிறகும் தெர்மாமீட்டரைத் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள். காது நுனியும் வயிற்றுத் தோலும் சிவந்து நீலம் பாய்வது, பின்னங்கால் தள்ளாடுவது, சினைப்பன்றி கலைப்பது, இதெல்லாம் அதற்குப் பிறகு வருவது.

ஒரு நோட்டு போடுங்கள். தேதி, அறை எண், தீனிக்கு வராதது எத்தனை, சூடு எவ்வளவு, செத்தது எத்தனை, அன்றைக்கு யார் வந்தார்கள், தீனி எங்கிருந்து வந்தது. அவ்வளவுதான்.

தீனி எங்கிருந்து என்று ஏன் எழுத வேண்டும்? 1957இல் போர்ச்சுகலின் லிஸ்பன் விமான நிலையத்துக்குப் பக்கத்துப் பண்ணைகளில் விமானத்துச் சாப்பாட்டு மிச்சத்தைப் பன்றிகளுக்குப் போட்டார்கள். அந்த மிச்சத்தோடு ஆப்பிரிக்காவின் அங்கோலாவிலிருந்து இந்தக் காய்ச்சல் ஐரோப்பாவில் இறங்கியது. அந்த முறை அடக்கிவிட்டார்கள். 1960இல் மறுபடி வந்தது. ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருக்கும் அந்தத் தீபகற்பத்தை விட்டு முழுக்கப் போக 1990கள் ஆகிவிட்டன. 2007இல் ஜார்ஜியா நாட்டின் பொத்தி (Poti) துறைமுகத்தில் இறங்கியதற்கும் கப்பலின் சாப்பாட்டு மிச்சத்தைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். நம் ஊரில் விமானம் வேண்டாம், ஓட்டல் கழிவு வாளி போதும். பன்றிக்கறித் துண்டு ஒன்று அதில் கிடந்தால் போதும். உறைந்த கறியில் இந்தக் கிருமி வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஓட்டல் கழிவு போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் 90 டிகிரி செல்சியசில் ஒரு மணி நேரம், கிளறிக் கிளறிக் காய்ச்சுங்கள். அண்டாவின் ஓரம் கொதிப்பதைப் பார்த்து இறக்கிவிடுகிறோம். நடுவில் சோற்றுக் கட்டி சில்லென்று இருக்கிறது. நடுக்கட்டிக்கும் அந்தச் சூடு போக வேண்டும்.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டு பன்றி சுருண்டு படுத்ததும், "பழைய பன்றிக் காய்ச்சல்தான்" (இதே மாதிரி அறிகுறி காட்டும் வேறு நோய், அதற்குத் தடுப்பூசி உண்டு) என்று முடிவு கட்டி, ஒரே ஊசியால் எல்லாப் பன்றிக்கும் தடுப்பூசி போடுகிறார்கள். இரத்தத்தில்தான் கிருமி அதிகம். கொட்டிலில் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்த நோயை அந்த ஊசியால் நாமே ஒவ்வொரு பன்றிக்குள்ளும் ஏற்றிவிடுகிறோம். ஒரு பன்றிக்கு ஒரு ஊசி. போன மாதம் முறையாக அந்தத் தடுப்பூசி போட்ட பன்றி அதே அறிகுறியோடு சாகிறதென்றால், அதுவே ஆப்பிரிக்கக் காய்ச்சலாக இருக்கலாம் என்பதற்குத் துப்பு.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். கிருமிநாசினி பற்றி விரிவாகப் பேச நினைத்தேன். ஒன்று மட்டும்: சேறும் சாணமும் ஒட்டிய பூட்ஸை மருந்துத் தண்ணீரில் முக்கிப் பயனில்லை, முதலில் தேய்த்துக் கழுவ வேண்டும்.

செத்த பன்றியை அறுத்துப் பார்க்காதீர்கள், கறிக்கு விற்காதீர்கள், ஓடையில் வீசாதீர்கள். அப்படியே மூடிவைத்து, ஆட்கள் வந்துபோவதை நிறுத்தி, கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கும் அழைக்கலாம். மாதிரியை அவர் எடுப்பார். ஐஸ் பெட்டியில் போகட்டும், ஃப்ரீசரில் வைக்க வேண்டாம். கிருமியையே நேரடியாகத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் பரிசோதனையில் தெரிய வேண்டுமானால் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், பன்றி அதற்கு முன் செத்துவிடும். தகவல் சொல்வது 2009ஆம் ஆண்டு விலங்குத் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டப்படி கட்டாயம். இன்னொரு கணக்கும் இருக்கிறது: இழப்பீடு, நோயை அடக்க அரசு கொல்லும் பன்றிகளுக்குத்தான். சொல்லாமல் வைத்திருந்து தானாகச் செத்தவற்றுக்கு இல்லை.

நன்றி, வணக்கம்.